எண்பத்தேழில் போனவள்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் ஏதாவது ஏடாகூடம் செய்தால் அதை ஓர் அழுத்து அழுத்தி வண்டியை நிறுத்தலாம். பத்தொன்பது வருடமாக அதை அழுத்தி அழுத்தியே அவளுக்குப் பிரேக்கக்கா என்று பெயர் வந்துவிட்டது. முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

ஐம்பது என்று பலகை இருந்தால் பிரேக்கக்கா நாற்பத்தெட்டில் போவாள். பின்னால் வருகிறவன் ஹாரனை அடித்து உயிரை எடுத்தாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாளே தவிர, ஊசி நாற்பத்தெட்டைத் தாண்டாது. மாணவர்களிடம் அவள் தினமும் சொல்கிற ஒரே மந்திரம் இது: "அவசரம் மனசுல இருக்கட்டும், கால்ல வேண்டாம்." அவள் தங்கைக்கு இதையெல்லாம் கேட்டால் சிரிப்பு. "அக்கா, உன் வண்டியை நடந்து போறவங்களே முந்திட்டுப் போறாங்க. இறங்கித் தள்ளட்டுமா?" என்பாள்.

அப்படிப்பட்டவளைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்குப் போலீஸ் மடக்கியது. ஐம்பதில் போக வேண்டிய புறவழிச் சாலையில் எண்பத்தேழு. வண்டியின் தலையில் 'பயிற்சி வண்டி, இடைவெளி விட்டு வரவும்' என்ற மஞ்சள் பலகை வேறு. நடுச்சாலையில் மானம் போவதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது.

கைகாட்டி நிறுத்திய போலீஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"டீச்சர்! நீங்களா?"

அவரும் அவளிடம் படித்தவர்தான். இரண்டு தடவை தேர்வில் கோட்டைவிட்டு மூன்றாவது தடவை தேறியவர். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இன்றைக்கு அவர் கையில் வேகம் அளக்கும் கருவி, இவள் கண்ணில் தண்ணீர்.

"சீக்கிரம் எழுதிக் கொடுப்பா. நான் போகணும்."

"என்ன ஆச்சு டீச்சர்? யாருக்காவது உடம்பு சரியில்லையா? சொல்லுங்க, நான் முன்னாடி சைரன் போட்டுட்டுப் போறேன், நீங்க பின்னாடியே வாங்க."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் எட்டு நிமிடங்களுக்கு முன்னால் தங்கை போனில் அழுதது காதிலேயே இருந்தது.

தங்கை வீடு நாலாவது மாடியில். கதவு தானாக மூடிப் பூட்டிக்கொள்ளும் ரகம். சாவி இல்லாமல் வெளியே கால் வைத்தால் அவ்வளவுதான். நாலு வயது மகள் தூங்குகிறாளே என்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கீழே கடைக்கு இரண்டு நிமிடம் என்று இறங்கியிருக்கிறாள். சாவி உள்ளே, போன் உள்ளே, பிள்ளை உள்ளே, அடுப்பு எரிகிறது. கடைக்காரரின் போனை வாங்கித்தான் பேசினாள். இதேபோல ஆறு மாதத்துக்கு முன்பும் ஒரு தடவை நடந்திருந்தது. அப்போது தங்கையின் கணவர் ஊரில் இருந்தார். வருடத்தில் எட்டு மாதம் கப்பலில் இருப்பவர், அன்றைக்கென்று விடுப்பில் வந்திருந்தார். "இன்னொரு தடவை பிள்ளையைத் தனியா விட்டேன்னா, கொண்டுபோய் எங்க அம்மாகிட்ட விட்டுடுவேன். அப்புறம் நீ வந்து பார்த்துட்டுப் போ" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். அதற்குப் பிறகுதான் மாற்றுச் சாவி ஒன்றைச் செய்து பிரேக்கக்கா தன் வண்டிச் சாவியோடு கோத்து வைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. அக்கம்பக்கத்துல தெரிஞ்சா அவர் காதுக்குப் போயிடும். நீ மட்டும் வா. சீக்கிரம் வாக்கா, ஜன்னல்ல பொகை வருது" என்றாள் தங்கை.

போன் வந்ததும் ஓரமாக நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, அதன் பிறகே எடுத்துப் பேசியவள் பிரேக்கக்கா. வைத்த பிறகு எப்படிக் கிளம்பினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. பக்கத்து இருக்கையில் பிரேக்கை அழுத்த ஆளும் இல்லை.

"ஒண்ணுமில்ல, சொந்த வேலை. நீ வர வேண்டாம்" என்றாள் போலீஸ்காரரிடம்.

அவர் தலையைச் சொறிந்தார். "எண்பத்தேழு கருவியில பதிவாயிடுச்சு டீச்சர். அழிக்க முடியாது. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுலயாவது ஏதாவது எழுதுங்க."

அவள் பேனாவை வாங்கி 'சொந்த அவசரம்' என்று இரண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கதவைத் திறந்தபோது வீடெல்லாம் புகை. பால் வற்றி, பாத்திரம் கரிக்கட்டை ஆகியிருந்தது. பிள்ளை படுக்கையறையில் அப்போதுதான் எழுந்து, "பெரியம்மா, நாத்தம் அடிக்குது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. தங்கை அக்காவின் காலடியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிரேக்கக்கா ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். அந்தப் பாத்திரத்தை ஒரு பைக்குள் போட்டு, கப்பல்காரர் கண்ணில் என்றைக்கும் படக் கூடாதென்று தானே எடுத்துக்கொண்டுபோய் மூன்று தெரு தள்ளியிருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள். இப்படித்தான் தனக்கு வேண்டிய ஆதாரத்தையெல்லாம் தன் கையாலேயே ஒழுங்காக அப்புறப்படுத்தினாள், மகராசி.

பத்து நாளில் கடிதம் வந்தது. சாதாரண ஆள் என்றால் அபராதத்தோடு போயிருக்கும். சொல்லிக்கொடுக்கிறவர் வேக வரம்பைவிட முப்பதுக்கு மேல் கூடுதலாகப் போனால் விசாரணை. தக்க காரணம் இல்லையென்றால் பயிற்சியாளர் அட்டை மூன்று வருடத்துக்கு ரத்து. கார் ஓட்டலாம். யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. வேறு வேலை எதுவும் தெரியாத நாற்பத்தாறு வயதுக்காரிக்கு இது எப்படி இருக்கும்?  கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளாமல், இந்த ஒரே வண்டியை வைத்துத்தான் தங்கையைப் படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள். வண்டியின் மஞ்சள் பலகை இல்லாவிட்டால் தான் யார் என்று அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

அன்றைக்கே தங்கையிடம் போனாள். இரண்டு பேரும் சமையலறையில் நின்று பேசினார்கள்.

"உன் பேர் வராம முடியுமான்னு பார்த்தேன். முடியாதுடி. நீ வேண்டாம்னா சொல்லு, நான் எழுதல."

"என்னக்கா பேசுற? எனக்காகத்தானே ஓடி வந்தே? தாராளமா எழுது. நானே வந்து சொல்றேன். ஊமையா உட்கார்ந்திருப்பேனா?"

"உன் வீட்டுக்காரர்?"

"அவர் வர இன்னும் மூணு மாசம் இருக்கு. நான் பார்த்துக்கிறேன். நீ கண்டதையும் நெனச்சுக் கொழப்பிக்காதே."

அந்தப் பேச்சை நம்பித்தான் பிரேக்கக்கா எல்லாவற்றையும் ஒளிவு மறைவில்லாமல் எழுதிக் கொடுத்தாள். தங்கைக்கும் சாட்சியாக வரச்சொல்லி ஆணை போயிற்று. இரண்டு வாரமும் தங்கை தினம் தினம் போன் செய்து, "தைரியமா இரு" என்று இவளுக்குத் தைரியம் சொன்னாள்.

விசாரணை ஒரு சின்ன அறையில். மேசைக்குப் பின்னால் அதிகாரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் மூக்குக்கு இறக்கியுமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் அந்தப் போலீஸ்காரர். தங்கை நேரத்துக்கு வந்துவிட்டாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் அக்காவுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. பதற்றம், பாவம் என்று பிரேக்கக்கா நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி முதலில் போலீஸ்காரரைக் கேட்டார். அவர் உள்ளதைச் சொன்னார். "கூட வர்றேன்னு சொன்னேன் சார். வேண்டாம்னுட்டாங்க. சொந்த வேலைன்னாங்க."

"குழந்தை நெருப்புல மாட்டிக்கிட்டிருக்கு, போலீஸ் உதவிக்கு வர்றேங்குது, வேண்டாம்னு சொல்றீங்க. நம்பற மாதிரி இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

"தங்கச்சி யாருக்கும் தெரிய வேண்டாம்னு சொன்னா சார். அதான். அவளே வந்திருக்கா, கேளுங்க."

அதிகாரி தங்கையின் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு இவங்களுக்குப் போன் பண்ணினீங்களா?"

தங்கை கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்ல சார்."

பிரேக்கக்கா முதலில் கேள்விதான் சரியாகப் புரியவில்லை என்று நினைத்தாள். "கடைக்காரர் போன்ல இருந்து பண்ணினியே, அதைக் கேட்கிறார்டி" என்று எடுத்துக்கூடக் கொடுத்தாள். மாணவர்கள் கியரை மறந்துவிட்டால் எடுத்துக் கொடுப்பாளே, அந்த மாதிரி.

"நான் எந்தப் போன்ல இருந்தும் பண்ணல சார். எங்க வீட்டுல அப்படி எதுவும் நடக்கவே இல்ல. என் பொண்ணை நான் ஒரு நிமிஷம்கூடத் தனியா விட்டதில்ல."

கடைக்காரரை ஏற்கெனவே விசாரித்திருந்தார்கள். போன் கேட்டு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வருகிறார்கள், யார் யாரிடம் பேசினார்கள் என்று நானா கணக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

 பிரேக்கக்கா ஞாபகம் வந்தவளாக வண்டிச் சாவிக் கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். 

"சார், இது அவ வீட்டுச் சாவி. போன் பண்ணலைன்னா, அவசரத்துக்கு ஓடி வரணும்னு இல்லைன்னா, இது எதுக்கு சார் எங்கிட்ட இருக்கு?"

அதிகாரி சாவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். தங்கை அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்தாள். குரலில் துளித் தயக்கம் இல்லை.

"எங்க வீட்டுச் சாவி இவங்ககிட்ட கிடையாது சார். அது எதுவோ. சந்தேகம்னா வந்து பூட்டுல போட்டுப் பாருங்க."

இவங்க. முப்பத்திரண்டு வருடம் அக்கா, அக்கா என்று காலைச் சுற்றியவள், இவங்க என்றாள். பிரேக்கக்காவுக்கு அந்தச் சொல் வலித்ததைவிட, அவள் அவ்வளவு உறுதியாகச் சொன்னது பயமாக இருந்தது. பொய் சொல்கிறவளுக்கு ஏது இத்தனை தைரியம்?

அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார். "இவங்க வழக்கமா எப்படி ஓட்டுவாங்க?"

"வேகமாத்தான் சார்" என்றாள் தங்கை.

போலீஸ்காரரே ஒரு கணம் திரும்பித் தங்கையைப் பார்த்தார். அறையில் இருந்தவர்களில் அது பச்சைப் பொய் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். எழுதிக்கொள்கிற அதிகாரிக்குத் தெரியாது. அவர் எழுதிக்கொண்டார்.

பயிற்சியாளர் அட்டையை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிரேக்கக்கா வெளியே வந்தபோது தங்கை வராந்தாவில் இல்லை, மாயமாய்ப் போயிருந்தாள். போலீஸ்காரர்தான் பின்னாலேயே வந்தார்.

"டீச்சர், நீங்க பொய் சொல்ற ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா என் வார்த்தை மட்டும் பத்தாது. பத்து நாளுக்குள்ள ஏதாவது ஆதாரம் கெடச்சா மறுபடி விசாரிப்பாங்க. எதுவானாலும் எனக்கு ஒரு போன் அடிங்க. நானே வந்து பார்த்து எழுதித் தர்றேன்." அவள் போனை வாங்கித் தன் எண்ணைப் போட்டுக் கொடுத்தார்.

வண்டியின் தலையிலிருந்த பலகையை அவளே கழற்றினாள். பத்தொன்பது வருட வெயிலில் திருகாணிகள் இறுகிப்போயிருந்தன. பலகையைப் பின் இருக்கையில் குப்புறப் போட்டுவிட்டு நேராகத் தங்கை வீட்டுக்கு விட்டாள். திட்ட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஏன்டி என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஊசி நாற்பத்தெட்டில் நின்றது.

தங்கை பேருந்தில் வர வேண்டும். அதனால் இவள் முந்திவிட்டாள். நாலு மாடி ஏறி மணியை அடித்தாள், யாரும் வரவில்லை. காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தாள், கை தானாகச் சாவியைப் பூட்டுக்குக் கொண்டுபோயிற்று. சாவி பாதிகூட நுழையவில்லை. குனிந்து பார்த்தாள். பூட்டு புத்தம் புதிது. சுற்றிலும் பழைய பெயின்ட் பெயர்ந்து, திருகாணிகள் பளபளத்தன. கதவு இடுக்கில் மரத்தூள் இன்னும் பெருக்கப்படாமல் கிடந்தது.

சந்தேகம்னா வந்து போட்டுப் பாருங்க. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. பயத்தில் அந்த அறையில் வாய் தவறி வந்த பொய்யாக இருந்தால்கூட மன்னித்திருப்பாள். இது ஆசாரியைக் கூப்பிட்டு, பூட்டு வாங்கி, உட்கார்ந்து மாட்டிய பொய். அது மாட்டப்பட்ட அன்றைக்கும் சாயங்காலம் போன் செய்து, தைரியமா இரு அக்கா என்றிருக்கிறாள். பிரேக்கக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். 

அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெரியம்மாடா. அம்மா எங்கே?"

"அம்மா வெளியில போயிருக்கு. டிவி பாருன்னுச்சு. டிவி நின்னுபோச்சு. பூட்டு எனக்கு எட்டல. கதவைத் தொற பெரியம்மா."

ஒரு நிமிஷம்கூடத் தனியா விட்டதில்ல என்று சொல்லிவிட்டு வருவதற்காக, பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருந்தாள் தங்கை. கேட்கிறவன் சிரிப்பான். பிரேக்கக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அடுப்பு எரியுதாடா?"

"இல்ல. நீ எப்பவும் தொறப்பியே. தொற."

"பெரியம்மா சாவி வேலை செய்யலடா. இங்கேயே உட்கார்ந்திருக்கேன். நீயும் அந்தப் பக்கம் உட்காரு."

கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக நாலு சின்ன விரல்கள் வெளியே வந்தன. பிரேக்கக்கா தரையில் உட்கார்ந்து அவற்றைத் தொட்டுக்கொண்டாள். இன்னொரு கையில் போன் இருந்தது. திரையில் போலீஸ்காரரின் எண். பூட்டிய கதவு, உள்ளே நாலு வயதுப் பிள்ளை, வெளியே ஒரு போன். கால் மணி நேரத்தில் வந்துவிடுவார். வந்து பார்த்து எழுதினால் போதும், அட்டை திரும்பி வந்துவிடும், மஞ்சள் பலகை மறுபடி வண்டித் தலையில் ஏறும். பிள்ளை கப்பல்காரரின் அம்மா வீட்டுக்குப் போகும்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

"பெரியம்மா, போயிட்டியா?"

"இல்லடா. இங்கேதான் இருக்கேன்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. தங்கை மூச்சிரைக்க ஓடி வந்தாள். அக்காவைப் பார்த்தாள், கையிலிருந்த போனைப் பார்த்தாள். 

"யாருக்குக்கா போன் பண்ணின? அக்கா, யார்கிட்ட சொன்ன? சொல்லுக்கா!"

இப்போது மறுபடி அக்கா ஆகிவிட்டாள்.

"கதவைத் தொற. பிள்ளை உள்ள தனியா உட்கார்ந்திருக்கு."

தங்கை பூட்டைத் திறந்தாள். பிள்ளை ஓடி வந்து பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. தங்கை அழ ஆரம்பித்தாள். நான் என்னக்கா பண்ணுவேன், பிள்ளையைத் தனியாக விட்டதாகச் சாட்சி சொன்னால் அதன் நகல் பிள்ளையின் அப்பாவுக்குப் போகும் என்று ஒரு குமாஸ்தா சொன்னார், வராமல் இருந்தால் வீட்டுக்கே விசாரிக்க வருவார்கள் என்றார், என் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விடுவார் அக்கா, உனக்கு மூன்று வருடம்தானே போகும், எனக்கு எல்லாமே போய்விடும் என்று கொட்டித் தீர்த்தாள்.

பிரேக்கக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவும் நியாயமாகக்கூட இருக்கலாம். "எழுத வேண்டாம்க்கான்னு சமையலறையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் எழுதியே இருக்க மாட்டேனேடி" என்றாள். "என் அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். ஆனா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, போய்ப் பூட்டை மாத்தினே பாரு."

தங்கை பூட்டிலிருந்து சாவியை உருவினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புதுப் பூட்டின் வளையத்தில் இரண்டு சாவிகள் இருந்தன. பூட்டுக் கடைக்காரன் கட்டிக்கொடுத்த நூல்கூட இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அதில் ஒன்றை நகத்தால் பிரித்து எடுத்து நீட்டினாள்.

"இதை நீ வச்சுக்கக்கா. எப்பவும் போல. எனக்கு வேற யாரு இருக்கா?"

பிரேக்கக்கா அந்தச் சாவியைப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்கு? உங்க வீட்டுச் சாவி எங்கிட்ட கிடையாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கியே. அது பொய்யாயிடப் போகுது."

பிள்ளையின் கையை மெதுவாக விலக்கி, தலையைத் தடவிவிட்டுப் படி இறங்கினாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்ததை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டியில் உட்கார்ந்து வெகுநேரம் கிளப்பாமல் இருந்தாள். நாளைக்கே தெரியாத எண்ணிலிருந்து போன் வரும், அக்கா சீக்கிரம் வா, பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டது என்று ஒரு குரல் அழும். இவள் போவாள். எண்பத்தேழில்தான் போவாள். தன்னைப் பற்றி அது தெரிந்திருந்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது. போய், கையில் சாவி இல்லாமல், மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து பிள்ளையின் விரலைத் தொட்டுக்கொண்டிருப்பாள்.

கைப் பிரேக்கை எடுத்தாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, சிக்னல் போட்டு, மெதுவாகக் கிளம்பினாள்.